டைப்-சி துளைக்கு நீங்கள் எழுதிய வரி

பில் மெஷினுக்கான புது போர்டு இன்று காலை வந்தது. உறையைப் பிரித்ததும் எழுந்த அந்த வாசனையில் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

முதல் மெஷின் செய்தபோது, அதிலிருந்து போனுக்கும் சார்ஜ் ஏறும் என்று சாலைக் கடைத்தெரு முழுக்கப் பேசி ஆர்டர் பிடித்துவிட்டேன். பிறகுதான் ஸ்ரீவராகத்தில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். போர்டில் என்னென்ன இருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பை எழுதிக்கொண்டிருந்தீர்கள். டைப்-சி துளைக்கு அதில் தனிப் பகுதி. கரண்டை வாங்குமா, கொடுக்குமா என்று சொல்லும் வரியில் 'சிங்க்' என்று இருந்தது. வாங்க மட்டும்.

"ஏம்மா, ரெண்டும் செய்யும்னு 'டூயல்' போட்டுருங்களேன். ஒரு வார்த்தைதானே?"

"கொடுக்கற சர்க்யூட்டைச் செலவு ஜாஸ்தின்னு வெட்டச் சொன்னது யாரு அண்ணாச்சி?"

"நான்தான்."

"அப்போ இல்லாததை எப்படி எழுதறது? இது உங்க விளம்பர நோட்டீஸ் இல்லை."

சுருக்கென்றது. வேறொருவரைப் பிடித்து அந்த வரியை 'டூயல்' என்று மாற்றவைத்தேன். மாதிரி மெஷினை ஓர் அரிசிக் கடையில் வைத்தோம். கரண்ட் போனதும், மெஷினுக்குள் இருந்த சின்ன பேட்டரி தீர்வதற்குள் கடைக்காரர் பவர் பேங்கைச் செருகினார். அதுவும் வாங்கும், கொடுக்கும் ரகம். நம் மெஷின் 'நான் கொடுக்கிறேன்' என்று சொல்ல, அது வாங்கக் காத்திருந்தது. கொடுக்க எதுவும் இல்லை. பாதி பில்லில் திரை அணைந்தது.

திட்டுவீர்கள் என்று பயந்துகொண்டேதான் போன் செய்தேன். விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

"ஒண்ணு மூஞ்சிய ஒண்ணு பார்த்துண்டு நிக்கறதா! வரியை நான் மாத்தித் தரேன். ஆர்டர் கொடுத்த அத்தனை பேர்கிட்டயும் போன் சார்ஜ் ஏறாதுன்னு நீங்களே போய்ச் சொல்லணும், கேட்டோ?"

போனேன். சிலர் ஆர்டரை ரத்து செய்தார்கள். ஒருவர், "இத்தனை வருஷத்துல நீரு ஒரு சரக்கக் குறைச்சுச் சொல்லி இப்பதான்வே கேக்கேன்" என்று ஒரு மெஷினுக்கு இரண்டாகக் கேட்டார். அந்த மெஷின்கள் இன்றும் பழவங்காடி வரைக்கும் ஓடுகின்றன. பார்க்கும்போதெல்லாம் மார் நிமிரும். உள்ளே இருப்பது உங்கள் கோப்பு.

இந்தப் புது போர்டில் கொடுக்கும் சர்க்யூட்டையும் வைக்கச் சொல்லியிருந்தேன். நீங்கள் மறைந்த பிறகு வந்த இன்ஜினியர் மதியம் போனில், "சார், அந்த வரியை 'டூயல்'னு மாத்திடட்டுமா?" என்றார்.

"கொஞ்சம் இருங்க."

போர்டைத் திருப்பி, வரைபடத்தோடு ஒத்துப் பார்த்து, அந்த சர்க்யூட் இருக்கவேண்டிய இடத்தில் விரலை வைத்தேன்.

"இருக்கு. எழுதுங்க."