உம்மாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது

அல் ஐன்,
9 பிப்ரவரி 1978, வியாழக்கிழமை

அன்பு மகன் சுஐபுக்கு உம்மா ருக்கையா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நல்ல சுகம். நீ அந்தப் பனியில் வழுக்கி விழாமல், சளி பிடிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க ஐந்து வேளையும் துஆச் செய்கிறேன்.

நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை வைத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. உன் கல்லூரிக் கட்டணத்துக்கான டிராஃப்ட் நேற்றே ரிஜிஸ்தர் தபாலில் புறப்பட்டுவிட்டது. அதில் பாதி வாப்பாவின் கடையில் வந்தது. மறு பாதி யாருடைய சம்பாத்தியம் தெரியுமா? என்னுடையது! உன் உம்மா வேலைக்குப் போகிறாள், சுஐபு. ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டில்! சிரிக்காதே. நடந்ததையெல்லாம் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உன் டிசம்பர் மாதக் கடிதம் வந்த அன்று வாப்பா மதியம் கடையை அடைத்துவிட்டு வந்து, கை கூடக் கழுவாமல் அதைப் படித்துக் காட்டினார். கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்து வேலையில் ஒரு மாணவன் வருஷத்துக்கு இவ்வளவுதான் சம்பாதிக்கலாம் என்று உச்சவரம்பு இருக்கிறது, அதை நீ சீக்கிரமே எட்டிவிட்டாய், அதனால் மேற்பார்வையாளர் உன்னை நிறுத்திவிட்டார் என்று எழுதியிருந்தாய். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேலை செய்யாதவனை நிறுத்துவார்கள், சரி. நன்றாக வேலை செய்ததற்காக ஒருவனை நிறுத்துவார்களா? வாப்பாதான் விளக்கினார். அந்த வேலையே கல்லூரி கொடுக்கும் உதவியாம். ஒருவனே எடுத்துக்கொள்ளாமல் பலருக்கும் கிடைக்க வேண்டும், படிப்பும் கெடக்கூடாது என்று அளவு வைத்திருக்கிறார்களாம். நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சம்பாதிப்பதற்கு வரம்பு வைத்தவர்கள் கட்டணத்துக்கு ஒரு வரம்பு வைக்கவில்லையே!

அது போகட்டும். கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் எழுதியிருந்தாயே, அதுதான் எங்களை உலுக்கிவிட்டது. வெளியே ஒரு பெட்ரோல் பங்கில் இரவு வேலை இருக்கிறது, கணக்கில் காட்டாமல் கையில் காசு தருவார்கள், கூட்டாளி கூப்பிடுகிறான் என்று. உன் விசாவில் வெளிவேலை கூடாது, பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று முன்பு எழுதியவனும் நீதான். வாப்பா கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கணக்கு நோட்டை எடுத்துப் புரட்டினார். இங்கே கட்டட வேலைகள் பாதியில் நின்றதிலிருந்து ஜனங்கள் கையில் காசு ஓட்டம் இல்லை. கடையில் துணிகள் அலமாரியை விட்டு இறங்கவே இல்லை. முழுக் கட்டணமும் அனுப்ப அவருக்கு வழி இல்லை என்பது எனக்கும் தெரியும். கடைசியில், "கலாஸ், முடிஞ்சுது. அவனை வரச் சொல்லு. என்கூடக் கடையில நிக்கட்டும். பிடிபட்டுத் திரும்பி வர்றதுக்கு அது மேல்" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலேயே எழுந்து போய்விட்டார்.

அதற்கு அடுத்த வாரம்தான் அல்லாஹ் ஒரு வழியைத் திறந்தான். நம் பக்கத்து வீட்டு உம்மு சயீதை உனக்கு நினைவிருக்கும். நான் இங்கே வந்த புதிதில் பேச்சுத் துணைக்கு அவரைத் தவிர ஆள் இல்லை. மூன்று வருஷமாக மதிலுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாகப் பேசிப் பேசி, அவர்கள் வீட்டு அரபு எனக்கு நன்றாக ஒட்டிக்கொண்டது. வாப்பாவுக்கு வியாபார அரபுதான் தெரியும். "மாஃபி, மாஃபி", இல்லை இல்லை என்று சொல்லியே பாதி நாளை ஓட்டிவிடுவார்.

உம்மு சயீதின் மருமகள் மைத்தாவுக்கு ஒரு நாள் காலையில் வலி கண்டது. தலைப் பிரசவம். அவர்கள் வண்டியில் ஏறும்போது என் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருக்கும் லேடி டாக்டர், திருச்சிக்காரர், பெயர் சந்திரகலா. பெரிய படிப்பு, நல்ல கைராசி. ஆனால் அரபு ஒரு வார்த்தை தெரியாது. அங்கே மொழிபெயர்க்க இருந்தவரோ ஆண். அவரைப் பிரசவ அறைக்குள் விட உம்மு சயீத் சம்மதிப்பாரா? கதவை மறித்துக்கொண்டு நின்றார். உள்ளே அந்தப் பெண் பயத்தில் டாக்டரைத் தொடவே விடவில்லை.

நான் மெதுவாக, "டாக்டரம்மா, நீங்க தமிழ்ல சொல்லுங்க, நான் அவங்ககிட்டச் சொல்றேன்" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அம்மா, நீங்க எங்க இருந்து வந்தீங்க? உடனே உள்ள வாங்க" என்று எனக்கு ஒரு பச்சை அங்கியை மாட்டிவிட்டார்.

குழந்தை கொஞ்சம் திரும்பியிருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை, சொன்ன நேரத்தில் சொன்னபடி செய்தால் போதும் என்று டாக்டரம்மா சொன்னார். ஒவ்வொன்றையும் நான் மைத்தாவின் காதில் சொன்னேன். கடைசியில், "இப்ப நல்லா முக்கச் சொல்லுங்க" என்றார். அதற்கு அரபு எனக்கு எங்கே தெரியும்? சட்டென்று உம்மு சயீதின் வீட்டு இரும்புக் கேட் ஞாபகம் வந்தது. அது இறுகிக்கொள்ளும்போதெல்லாம் அவர் மருமகளைப் பார்த்து "திஸ்ஸி, திஸ்ஸி" என்று கத்துவார். தள்ளு, தள்ளு என்று அர்த்தம். நானும் அதே மாதிரி "திஸ்ஸி!" என்று கத்தினேன். அத்தனை வலியிலும் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சுஐபு! சிரித்துக்கொண்டே தள்ளினாள். ஆண் குழந்தை. அவன் அழுத சத்தத்தைக் கேட்டு நானும் அழுதேன். பச்சை அங்கியில் முகத்தைத் துடைத்ததற்கு நர்ஸ் என்னைத் திட்டினாள்.

வெளியே வந்ததும் டாக்டரம்மா, "நாளைக்கும் வருவீங்களா? சம்பளத்துக்கு நான் மேல பேசுறேன்" என்றார். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. "இங்கயும் இவ்வளவுதான் சம்பாதிக்கலாம்னு வரம்பு இருக்கா, டாக்டரம்மா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "இந்த ஊர்ல புள்ள பொறக்கிறது நிக்கிற வரைக்கும் உங்களுக்கு வேலை இருக்கு" என்றார்.

வாப்பாவிடம் சொன்னபோது வீடே இரண்டுபட்டது. "ஹபீப் முகம்மது பொண்டாட்டியைச் சம்பளத்துக்கு அனுப்புறான்னு ஊர்ல பேசுவாங்க. காயல்பட்டினத்துல நான் தலைகாட்ட வேணாமா?" என்றார். நான் கோபப்படவில்லை. உன் கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்து, "உழைக்கிறேன் உழைக்கிறேன்னு நிக்கிற புள்ளையோட கையை அந்த ஊர்ச் சட்டம் கட்டி வச்சிருக்கு. என் கையை யாரு கட்டியிருக்கா? நீங்களா?" என்று கேட்டேன். அப்படியெல்லாம் அவரிடம் நான் பேசியதே இல்லை. அவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

காலையில் வாசலில் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால், வாப்பா கடை வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து இருக்கையில் கிடந்த துணிக்கட்டுகளைப் பின்னால் தள்ளி எனக்கு இடம் பண்ணியிருக்கிறார். என் முகத்தைப் பார்க்காமலேயே, "யல்லா, ஏறு. டூட்டிக்கு நேரமாகுது" என்றார்.

இப்போது தினமும் அவர்தான் கொண்டுபோய் விடுகிறார். சாயங்காலம் வண்டியில் ஏறியதும் முதல் கேள்வி, "இன்னைக்கு ஆணா, பொண்ணா?" என்பதுதான். இன்னொரு வேடிக்கையும் கேள். பிரசவம் ஆன வீட்டுக்காரர்கள் குழந்தைக்குத் துணி எடுக்கக் கடைத்தெருவுக்கு வந்து, "ருக்கையாவின் கடை எது?" என்று விசாரிக்கிறார்களாம். வாப்பா கோபப்படுவதுபோல் நடிக்கிறார். ஆனால் வியாபாரம் கொஞ்சம் அசைந்திருப்பதில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். ஊரிலிருந்தும் ஒரு கடிதம் வந்தது, நான் வேலைக்குப் போவதைக் கேள்விப்பட்டு. அதற்கு அவரே உட்கார்ந்து பதில் எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை. அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆகவே மகனே, அந்தப் பெட்ரோல் பங்குப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதே. கல்லூரி எவ்வளவு வேலை கொடுக்கிறதோ அவ்வளவு செய். வரம்பு வந்ததும் நிறுத்திவிட்டுப் படிப்பைப் பார். குறைவதை இங்கிருந்து நாங்கள் பார்த்துக்கொள்வோம். இதை உன்மேல் பாரமாக நினைக்காதே. எனக்கு இது பாரமில்லை. காலையில் அந்த வார்டுக்குள் நுழையும்போது எனக்கு எப்படி இருக்கிறது என்று எழுத்தில் சொல்ல வரவில்லை.

இன்னொன்று. கோடை விடுமுறையில் கல்லூரிக்குள்ளேயே முழுநேர வேலை உண்டு, அது அந்த வரம்பில் சேராது, ஆனாலும் உங்களைப் பார்க்க வந்துவிடவா என்று கேட்டிருந்தாய். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உன் அறையை நேற்றுக்கூடக் கூட்டித் துடைத்து, கட்டிலுக்கு விரிப்பு மாற்றினேன். நான் கடிதம் எழுதும்போதெல்லாம் வாப்பா உன்னை வா என்றுதான் எழுதச் சொல்வார். இந்த முறை உன் முடிவுக்கே விடச் சொன்னார். நான் விடமாட்டேன். எந்த உம்மாவும் மகனுக்கு இப்படி எழுதியிருக்க மாட்டாள். நான் எழுதுகிறேன். இந்தக் கோடைக்கு நீ வராதே, சுஐபு. அங்கேயே இருந்து வேலை செய், அடுத்த வருஷத்தை முடி, பட்டத்தோடு வா.

அல்லாஹ் உன் கண்ணுக்கு ஒளியையும் கைக்கு வலுவையும் தருவானாக. நல்ல மனிதர்களை உன் பக்கத்தில் வைப்பானாக. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே, தாமதிக்காமல், சரி உம்மா என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடு. என் மனசு மாறுவதற்குள் அது எனக்குக் கிடைக்க வேண்டும்.

உன் வரவை எண்ணியிருக்கும்
உம்மா
ருக்கையா