பனிக்கோட்டில் காந்தப் பித்தான்

14 ஜூலை 2009, செவ்வாய்

இன்று பகல் பதினொன்றரை மணிக்கு, மழைக்காலப் புழுக்கத்தில், லைங் தாயா தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே, பனிமலைக்குப் போகிறவன் போடும் கோட்டை மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் நின்றேன். அளவு பார்க்க ஆள் வேண்டுமாம். ஜப்பான்காரனின் லார்ஜ் சைஸுக்குப் பொருந்துகிற தொப்பை எங்கள் தொழிற்சாலையில் செக்கிங் தலைவனாகிய எனக்கு மட்டும்தான் இருக்கிறது. பன்னிரண்டு வருட சர்வீஸில் என் உடம்பு கம்பெனிக்குப் பயன்பட்டது இதுவே முதல் தடவை. மேனேஜர் அம்மா டோ கின் மியா சுற்றிச் சுற்றி வந்து குண்டூசி குத்தினார். கழற்றியபோது சட்டையைப் பிழிந்தால் அரை வாளி தேறும் போலிருந்தது.

கோட்டின் லேபிளில் போட்டிருக்கிற ஸ்னோமொபைல் என்றால் என்ன என்று விஜயகுமாரி கேட்டாள். மூன்றாம் லைனில் பை தைக்கிற பெண், கியாக்தான் ஊர்க்காரி, பாதித் தமிழும் பாதி பர்மியுமாகப் பேசுவாள். சக்கரமில்லாத மோட்டார் சைக்கிள், முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் ஓர் அகலப் பட்டை சுற்றும், பனி மேல் ஓடும் என்றேன். எங்கே போக என்றாள். மலைக்கு. அங்கே என்ன இருக்கு? பனி. அப்புறம்? திரும்பி வருவார்கள். நான் கதை விடுகிறேன் என்று முடிவு கட்டிவிட்டு மெஷினை ஓட்டப் போய்விட்டாள்.

அவள் மேல் தப்பில்லை. நானே பார்த்த பனி மீன் மார்க்கெட் ஐஸ் கட்டிதான்.

22 ஜூலை, புதன்

கோட்டின் உள்பைக்கு வரவேண்டிய ஜிப் துறைமுகத்தில் சிக்கிக்கொண்டது. எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. 2400 கோட்டும் செப்டம்பர் கடைசிக்குள் கப்பல் ஏறணும். நவம்பரில் முதல் பனி விழும்போது கடையில் தொங்கணும். டோ கின் மியா நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் இந்த மூளை வேலை செய்தது. வீட்டுக்கு வந்து, ஜிப்புக்குப் பதிலாக வைக்கலாமென்று, என் மனைவி கரீமாவின் கைப்பையிலிருந்து காந்தப் பித்தானைப் பிய்த்து எடுத்தேன். டக்கென்று ஒட்டும், டக்கென்று திறக்கும், தெயின்ஜீ மார்க்கெட்டில் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். கரீமா கைப்பையை ஊக்கு போட்டு மூடிக்கொண்டு, அடுத்த இருபது வருடத்துக்கு இதைச் சொல்லிக் காட்டலாம் என்ற நிம்மதியோடு படுத்துவிட்டாள்.

3 ஆகஸ்ட், திங்கள்

ஜப்பான் கம்பெனியின் இங்குள்ள ஆபீஸ் பித்தான் வைத்த பையின் போட்டோவைப் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டது. டோ கின் மியா எல்லார் முன்னாலும் கைதட்டினார். வருடக் கடைசியில் உதவி மேனேஜர் பதவி எனக்குத்தானாம். தனி மேஜை, தனி மின்விசிறி. கம்பெனி ஃபெர்ரி பஸ்ஸில் வீடு வரும் வழியெல்லாம் அந்த மின்விசிறியை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று யோசித்தேன். அடே ஜாபர்.

19 ஆகஸ்ட், புதன்

கோட்டின் உள்பையில் மடித்து வைக்க ஒரு தாள் வந்திருக்கிறது. மேலே ஜப்பானிய மொழி, கீழே ஆங்கிலம். தொழிற்சாலையில் ஆங்கிலம் படிக்கிற பெரிய மனிதன் நான்தானே — சாப்பாட்டு நேரத்தில் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன்.

சீசன் தொடக்கத்தில் பனி மெல்லிசாக இருக்கும். அடியில் பாறையும் மரக்கட்டையும் மூடிக் கிடக்கும், தெரியாது. வேகமாகப் போனால் மோதிச் சாவாய். முதலில் விழுந்த பனி தரையோடு சர்க்கரை மாதிரி உதிரியாகிவிடும்; அதன் மேல் புதுப்பனி கனமாக விழுந்தால் மொத்தச் சரிவும் வழுக்கிக்கொண்டு இறங்கும். சரிவில் ஒரு சமயத்தில் ஒருவர் மட்டுமே ஏறணும். மற்றவர்கள் ஒதுங்கி நின்று அவர் மேலேயே கண்ணாக இருக்கணும். புதைந்தவனை உடன் போனவர்கள்தான் தோண்டி எடுக்கணும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் போனால் பிழைப்பது அபூர்வம்.

பெண்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நானும் பனியிலேயே பிறந்து வளர்ந்தவன் மாதிரி கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். இன்று முதல் எனக்குப் பனி ஸயா, அதாவது பனி வாத்தியார், என்று பெயர். தாளைத் திருப்பிப் பின்பக்கம் படிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

25 ஆகஸ்ட், செவ்வாய்

நோன்பு தொடங்கிவிட்டது. வழக்கமாகத் தொழுகிற மூலையில் துணிக்கட்டுகளை அடுக்கிவிட்டார்கள். எதிர்ப்புறம் புதிதாக வாடகைக்கு எடுத்த ஷெட்டில் தொழுதுகொள்ள டோ கின் மியா அனுமதி கொடுத்தார். ஜன்னலே இல்லாத ஷெட். முடிந்த கோட்டுகளின் அட்டைப் பெட்டிகள் நெஞ்சுயரம் அடுக்கியிருக்கின்றன. வெளியே மழை, சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. நல்லவேளை, ஹஜ்ஜிலிருந்து மச்சான் வாங்கி வந்த, மக்கா திசை காட்டும் கிப்லா காம்பஸ் என்னிடம் இருக்கிறது. பெட்டி மேல் வைத்து, முள் காட்டிய பக்கம் நின்று தொழுதேன். விஞ்ஞானம் பெரிது.

7 செப்டம்பர், திங்கள்

மானம் போயிற்று.

இஸ்திரி பிரிவு பர்கத்துல்லா அண்ணன் மஞ்சள் காமாலை தீர்ந்து இன்றுதான் வேலைக்கு வந்தார். தொழிற்சாலையில் அவரும் நானும்தான் முஸ்லிம். மதிய லுஹர் தொழ ஷெட்டுக்குள் வந்தவர் நான் தொழுது சலாம் கொடுக்கும் வரை பொறுமையாக நின்றார். பிறகு கேட்டார்.

"ஜாபர், ஜெனரேட்டர் ரூமைப் பார்த்து எத்தனை நாளா தொழுதுக்கிட்டு இருக்கே?"

பதினான்கு நாள். வேலை நாள் மட்டும் கணக்கிட்டால் பன்னிரண்டு. காம்பஸைக் காட்டினேன். அவர் வாங்கி வெளியே வாசலில் வைத்தார். முள் ஒழுங்காக நின்றது. உள்ளே பெட்டி மேல் வைத்தார்; ஜெனரேட்டர் ரூம் பக்கம் திரும்பியது. ஒரு கோட்டை எடுத்து அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அசைத்தால், அதன் பின்னாலேயே ஆட்டுக்குட்டி மாதிரி ஓடியது. எல்லாம் என் பித்தான் செய்த வேலை.

தெரியாமல் செய்ததை அல்லாஹ் பொறுத்துக்கொள்வான், திருப்பித் தொழ வேண்டியதில்லை என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். நோன்பு நேரத்தில் ஒரு மனிதன் அவ்வளவு சிரிக்கக்கூடாது.

8 செப்டம்பர், செவ்வாய்

அந்தத் தாளின் பின்பக்கத்தை இன்று படித்தேன். காம்பஸ் முள் ஆடியதை நினைத்துக்கொண்டே சும்மாதான் எடுத்தேன்.

ஓர் ஆளின் நெஞ்சுப் படம். கோட்டுக்குள் உள்பை. பைக்குள் கையடக்கமான ஒரு கருவி. அது சத்தமில்லாமல் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்குமாம். ஆள் பனியில் புதைந்தால், மற்றவர்கள் தங்கள் கருவியால் அந்த சிக்னலைப் பிடித்து, இடம் கண்டு தோண்டுவார்களாம். கீழே கட்டம் போட்டு ஒரு வரி: காந்தத்தையும் கைபேசியையும் இந்தக் கருவியின் பக்கத்தில் கொண்டு வராதீர்கள், சிக்னல் கெடும்.

எங்களுக்கு வந்த ஸ்பெக் தாளில் 'உள்பை' என்று மட்டும்தான் இருந்தது. எதை வைக்க என்று யார் கேட்டார்கள்? நான் கேட்டேனா? கைப்பைப் பித்தானைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

பக்கத்தில் இல்லை, அந்தக் கருவியின் தலைமேலேயே வைத்திருக்கிறேன். 2400 பேருக்கு.

10 செப்டம்பர், வியாழன்

யாரிடமும் சொல்லவில்லை. காந்தம் சின்னதுதானே. ஒருவேளை ஒன்றும் ஆகாது. ஒருவேளை அந்த ஆட்கள் கருவியை வேறு பையில் வைப்பார்கள். ஒருவேளை அவர்கள் மலைக்கே போகாமல் வீட்டில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். இப்படி ஒருவேளை ஒருவேளை என்று இருபது எண்ணினேன். அதற்கு நடுவில் மின்விசிறியும் ஞாபகம் வந்தது, வெட்கமில்லாமல்.

தெரியாமல் செய்தால் மன்னிப்பு உண்டு என்றாரே பர்கத்துல்லா அண்ணன். தெரிந்த பிறகு? அதை நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

நோன்பு திறந்ததும் கஞ்சியைக் கிளறிக்கொண்டே இருந்தேன். கரீமா என்ன என்று குடைந்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன். ஜப்பான் ஆபீஸ்தானே ஒப்புதல் கொடுத்தது, டோ கின் மியாதானே கையெழுத்து போட்டார் என்று ஆளாளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தேன். அவள் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"பித்தானை வச்சது நீங்கதானே. நீங்களே போய் எடுங்க. அடுத்தவங்க ஏன் எடுக்கணும்?"

12 செப்டம்பர், சனி

டோ கின் மியாவிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு முழுதாகக் கேட்டார். கெட்ட மனுஷி இல்லை. போன வருடப் புயலில் வேலையே இல்லாத மூன்று மாதம் எங்களை வைத்துச் சோறு போட்டவர்.

2400 பையையும் பிரித்தால் கப்பலைப் பிடிக்க முடியாது. கப்பல் தவறினால் அடுத்த ஆர்டர் கிடையாது. ஆர்டர் இல்லையென்றால் மூன்றாம் லைன் நாற்பது பெண்களும் வீட்டுக்கு. இதையெல்லாம் நிதானமாகச் சொல்லிவிட்டு, மரியாதையாகக் கோ போட்டு அழைத்து ஒன்று கேட்டார்.

"கோ ஜாபர், நீங்க பனியைப் பார்த்திருக்கீங்களா?"

இல்லை என்றேன்.

பதினேழாம் தேதி ஜப்பானிலிருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார், அது அவர்கள் ஊர்ப் பனி, அவர் பாஸ் செய்தால் பாஸ் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அப்பாடா என்றுகூட இருந்தது. அதுதான் கேவலம்.

17 செப்டம்பர், வியாழன்

ஜப்பான் இன்ஸ்பெக்டர் மொரிதா ஸான் ஒல்லியான மனிதர், அறுபது வயதிருக்கும். பெட்டிக்கு ஒரு கோட்டாக எடுத்துத் தையலை எண்ணினார், முன் ஜிப்பை இழுத்தார், நூல் முனையைப் பார்த்தார். உள்பையைத் திறந்தார். டக். மூடினார். டக். அடுத்த கோட்டுக்குப் போய்விட்டார்.

பாஸ். அவ்வளவுதான். இப்போ நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா எல்லாருக்கும் நல்லது. பொண்ணுங்களுக்கு வேலை இருக்கும், எனக்குப் பதவி, யார் கேக்கப் போறா? வாசலுக்கு வெளியே மூன்றாம் லைன் பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஜயகுமாரியும்.

என் கை அது பாட்டுக்குப் பைக்குள் போய்க் காம்பஸை எடுத்து அவர் முன்னால் பெட்டி மேல் வைத்தது. தைரியம் என்று சொல்ல மாட்டேன், வாந்தி வருவது மாதிரி அது வந்தது. கோட்டை அசைத்துக் காட்டினேன். முள் சுற்றியது. அவர் முள்ளைப் பார்க்காமல், மூடியில் இருந்த கஅபா படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஜெனரேட்டர் ரூமைப் பார்த்துத் தொழுத கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. டோ கின் மியா தரையைப் பார்த்தார்.

அந்த மனிதர் சிரிக்கவே இல்லை. தாளை எடுத்துப் பின்பக்கத்தைப் படித்தார். அவரும் இதற்கு முன் படித்ததில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்: அவர் ஊரில் கோடை முழுக்கக் காத்திருந்த ஆட்கள் முதல் பனி விழுந்த ஞாயிறே மலைக்கு ஓடுவார்களாம், பனி இறுகட்டும் என்று யார் சொன்னாலும் கேட்க மாட்டார்களாம், பக்கத்து வீட்டுப் பையனை நான்காம் நாள்தான் எடுத்தார்களாம்.

இந்தப் பித்தான் யாருடைய யோசனை என்றார். டோ கின் மியா வாயைத் திறப்பதற்குள் நான்தான் என்றேன்.

20 செப்டம்பர், ஞாயிறு

நாளை பெருநாள். மொரிதா ஸான் பாஸை ரத்து செய்துவிட்டார், அதனால் இன்று ஞாயிறு என்றும் பார்க்காமல் எல்லாரும் பித்தான் பிரித்தோம். பாங்காக்கிலிருந்து விமானத்தில் ஜிப் வருகிறது. என் கட்டைவிரலில் ஊசி ஏழு இடத்தில் குத்தியிருக்கிறது. இன்று யாரும் என்னைப் பனி ஸயா என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை.

20 நவம்பர், வெள்ளி

கோட்டுகள் மூன்று வாரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. அடுத்த வருட ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விட்டது. டோ கின் மியா சொன்னபடியேதான் நடந்தது. மூன்றாம் லைனை அக்டோபர் கடைசியிலேயே மூடினார்கள். செக்கிங்கில் ஓர் ஆளைக் குறைக்க வேண்டியிருந்தது. அந்த ஆள் யார் என்று முடிவு செய்ய அவர்கள் அதிகம் யோசித்திருக்க மாட்டார்கள்.

டோ கின் மியா வாசல் வரை வந்தார். கோபமாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். குடை கொண்டுவந்தீர்களா என்று கேட்டார்.

9 டிசம்பர், புதன்

வேலை தேடிப் போனபோது லைங் தாயா பஸ் நிறுத்தத்தில் விஜயகுமாரியைப் பார்த்தேன். ஒரு மாதம் ஊரில் சும்மா இருந்துவிட்டு, இப்போது மழைக்கோட்டுத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பட்டும், நியாயம்தான். பஸ் வருகிற நேரத்தில் கிட்டே வந்தாள்.

"அங்க பனி விழுந்துடுச்சா ஸயா?"

விழுந்திருக்கும் என்றேன்.

"யாராச்சும் செத்தாங்களா?"

தெரியாது, நமக்கு யார் சொல்லப் போகிறார்கள் என்றேன்.

"ஒரு மாசம் எங்க வீட்ல பழைய சோறு ஸயா," என்றாள். பிறகு பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

நான் அடுத்த பஸ்ஸில் வந்தேன். அவளுக்கு என்ன பதில் சொல்லியிருக்கணும் என்று கரீமாவிடம் கேட்டேன். ஒன்றும் இல்லை, கேட்டுக்கத்தான் வேணும் என்றாள்.

1 பிப்ரவரி 2010, திங்கள்

மழைக்கோட்டுத் தொழிற்சாலையில் இன்று முதல் நாள். செக்கிங்கில் கடைசி ஆள். மேஜை கிடையாது, மின்விசிறி இருக்கிறது, ஆனால் அது எதிர்ச்சுவருக்குத்தான் காற்று வீசுகிறது.

இங்கே ஆள் வேண்டும் என்றபோது என் பெயரைச் சொன்னது விஜயகுமாரிதானாம். முதலாளியே சொன்னார். தன் தப்பைத் தானே காட்டிக்கொடுத்து வேலையைத் தொலைத்த ஒருத்தர் இருக்கிறார், செக்கிங்குக்கு அப்படிப்பட்டவர்தான் வேண்டும் என்றாளாம். சொல்லிவிட்டு முதலாளி ரொம்ப நேரம் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன், பிறகு கழிப்பறைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

அவள் இப்போது லைன் லீடர். பத்து மணிக்கு முதல் மழைக்கோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கழுத்துப் பட்டி கொஞ்சம் தளர்வாக இருந்தது. இதற்கு என்ன செய்யலாமென்றால் என்று ஆரம்பித்தேன்.

"ஸயா," என்றாள் அவள், "யோசனை எதுவும் வேணாம். பார்த்துச் சொன்னாப் போதும்."

தளர்வாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். எடுத்துக்கொண்டு போய்த் தைத்து வந்தாள்.