பி.ஆர். வராமலே புறப்படுகிறோம், மாமா

மாமா,

உங்கள் கம்பளி இன்னும் புகை வாசம் அடிக்கிறது. எத்தனையோ தடவை துவைத்து, பதுளையில் வெயில் எட்டிப் பார்த்த நாளெல்லாம் கொடியில் போட்டு, பூச்சி உருண்டையும் வைத்து மடித்திருந்தேன். இன்று பயணத்துக்குத் துணி எடுக்க அலுமாரியைத் திறந்தால் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு அடுப்பங்கரை அப்படியே மூக்கில் ஏறுகிறது. கனடாவில் குளிருமாம், இதை எடுத்துப் போங்க என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். விமானத்தில் இவ்வளவுதான் கொண்டுபோகலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது மாமா, இது ஒரு ஆட்டுக்குட்டி கனம் கனக்கிறது என்று நானும் சொல்லிப் பார்த்தேன். நீங்கள் காதில் வாங்கினால்தானே.

ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறோம். பி.ஆர். வந்துருச்சா என்று கேட்காதீர்கள். வரவில்லை. அங்கே நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி கேட்டு நாங்கள் போட்ட விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. அது வருவதற்குள் உங்கள் மகனுக்கு லொறி திருத்தும் வேலைக்கென்று ஒரு தற்காலிக விசா வந்துவிட்டது. நானும் திவ்யாவும் கூடவே போகலாம். போய் அங்கிருந்தே காத்திருங்கள் என்கிறார் பண்டாரவளை ஏஜென்சிக்காரர். இங்கே காத்திருந்தது போதாதென்று இனி அங்கே போய்க் காத்திருக்கப் போகிறோம்.

அதைப் போட்ட நாளிலிருந்து இந்த வீட்டில் உருப்படியாக எது நடந்தது, சொல்லுங்கள். கூரைத் தகரம் ஒழுகுகிறது என்றால், இன்னும் கொஞ்ச நாள்தானே, பி.ஆர். வரட்டும் என்பார் உங்கள் மகன். மழை பெய்தால் ஹாலில் வாளி, அடுப்படியில் சட்டி, நடுவில் நாங்கள். கால் உடைந்த சோபாவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தோம். திவ்யா சைக்கிள் கேட்டாள், அங்கே போய் வாங்கலாம் என்றோம். அப்படிச் சொல்லிச் சொல்லியே பிள்ளைக்கு சைக்கிள் ஆசையே விட்டுப் போய்விட்டது. மெடிக்கல் எடுத்தோம், அது காலாவதியானது. திரும்பக் கொழும்புக்குப் போய் எடுத்து வருவதற்குள் பொலிஸ் ரிப்போர்ட் காலாவதியானது. பஜாரில் துணிக்கடை ஹாஜியார் என்னைக் கண்ட இடத்திலெல்லாம் இன்னும் போகவில்லையா டீச்சர் என்று விசாரிப்பார். நல்ல மனுஷன்தான், அன்பாகத்தான் கேட்பார். ஆனாலும் அவர் கண்ணில் படாமலிருக்க நான் சுற்றுப் பாதையில் பஸ்ஸுக்கு நடக்க ஆரம்பித்தேன்.

நீங்கள் இதற்கு நேர் எதிர். இருமல் என்று சொல்லித் தோட்டத்திலிருந்து எங்களோடு தங்க வந்தவர், வந்த மறுநாளே கூரைக்கு ஆள் பிடித்து வந்தீர்கள். வாடகை வீட்டின் பின்பக்கம் கொத்திப் பாகற்கொடி போட்டீர்கள். உங்கள் மகன் பழைய மோட்டார் சைக்கிளை விற்க ஆளைக் கூட்டி வந்தால், எஞ்சினில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று வாங்க வந்தவரிடமே போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். அன்றைக்கு முழுக்க அப்பனும் மகனும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் சோறு போட்டு அலுத்துப் போனவள் நான்.

"கைக்கு வர்ற வரைக்கும் எதையும் வித்துராதீங்க, யாருக்கும் குடுத்துராதீங்க. நீ ஸ்கூல்ல ஒம் பேர வெட்டிக்காத டீச்சரம்மா." காலையில் இது ஒரு தடவை, ராத்திரியில் ஒரு தடவை.

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஏன் சொல்கிறீர்கள் என்று தெரியாமல் இல்லை. உங்கள் அப்பா இந்தியப் பிரஜையாகி அங்கேயே போய்விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தவர். பாஸ்போர்ட் வந்த சூட்டோடு தோட்டத்து ஒபிசுக்குப் போய்ப் பேரை வெட்டிக்கொண்டார். தோட்டத்தில் பேர் என்றால் வேலைக்காரர் பட்டியலில் இருக்கும் பெயர். அது இருந்தால்தான் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து வேலை கொடுப்பார்கள், லயத்தில் குடியிருக்கும் ஒற்றை அறைக் காம்பிராவை நம் வீடு என்று சொல்லிக்கொள்ளலாம். மாட்டை விற்றார்கள். சோறு வடிக்கும் பெரிய அண்டாவைப் பக்கத்துக் காம்பிராவுக்குக் கொடுத்தார்கள். கப்பலுக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார்கள். நாட்டில் சண்டை மூண்டு கப்பல் நின்று போனது. யாரும் கூப்பிடவில்லை. திரும்பப் பேர் போடச் சொல்லி ஒபிசில் போய் நின்றால், நீங்கள்தான் இந்தியாக்காரர்களாயிற்றே என்று திருப்பி அனுப்பினார்களாம். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வெட்கப்பட்டு, உங்கள் அம்மா கடைசி வரைக்கும் தன்னுடைய அண்டாவையே பக்கத்து வீட்டில் இரவல் வாங்கித்தான் விசேஷத்துக்குச் சோறாக்கினார். நீங்கள் இதை எப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொல்வீர்கள். எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை.

இவ்வளவும் பேசுகிறவர் என்ன செய்து வைத்திருந்தீர்கள்?

அன்று பள்ளிக்கூடம் விட்டு லுணுகலையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு சின்னப் பெண் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். உங்கள் தோட்டத்துப் பெண். புருஷன் வீட்டார் எல்லோரும் ஒரே காம்பிராவில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தார்களாம். உங்கள் வீட்டுத் தாத்தா அவருடைய காம்பிராவை எங்களுக்கு எழுதிக் கொடுத்ததால் இப்போது காலை நீட்டிப் படுக்கிறோம் டீச்சர் என்று கண் கலங்கினாள். நீங்கள் பூட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள் என்றல்லவா நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். தோட்டத்துச் சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு ஒபிசுக்குப் போய், வோச்சர் என்ற காவல் வேலையிலிருந்த பேரையும் வெட்டிவிட்டு, சாவியையும் அவர்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் எங்களிடம் இருமிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சண்டைக்கு நின்றேன். ஞாபகம் இருக்கும். நீங்கள் தேத்தண்ணியில் பாணைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தீர்கள். ஊருக்கெல்லாம் பேரை வெட்டாதே என்று சொல்லிவிட்டு நீங்கள் செய்தது என்ன நியாயம் என்று கேட்டேன். நீங்கள் தலையைத் தூக்கவே இல்லை.

"நா அங்க கெடந்தா அவன் போக மாட்டாம்மா. போறவன் கால்ல நா எதுக்குக் கயிறு மாதிரி கெடக்கணும்?"

"சரி, பி.ஆர். வந்து நாங்க போயிட்டா நீங்க எங்க இருப்பீங்க?"

"அது இப்பவா வந்துரப் போவுது" என்று அடுத்த பாண் துண்டை எடுத்தீர்கள்.

அப்போதுதான் செருப்பைக் கழற்றி மூலையில் போட்டேன். கோபம் மட்டும் போகவில்லை. உண்மையைச் சொன்னால் இன்னும் போகவில்லை. எங்களுக்கு வழி விட வேண்டுமென்று நாங்கள் கேட்டோமா? உங்கள் மகனிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா? கடைசியில் விண்ணப்பத்துக்காகக் காத்திருப்பவர்களில் நீங்களும் ஒரு ஆளாகிவிட்டீர்கள். போகிறவர்கள் பட்டியலில் உங்களுக்கு இடம்கூடக் கிடையாது.

ஐப்பசி மழையில் இருமல் நெஞ்சுக்குள் இறங்கி, ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்த மறுநாளே போய்விட்டீர்கள். உங்கள் மகன் பதுளையிலேயே காரியத்தை முடிக்க ஏற்பாடு செய்தார். பேர் இல்லாத ஆளைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் எந்த முகத்தோடு இடம் கேட்பது என்று அவருக்குத் தயக்கம். அதற்குள் தலைவர் போன் பண்ணினார், நேரே இங்கே கொண்டு வாருங்கள் என்று. போய் இறங்கினால், அந்தச் சின்னப் பெண்ணும் புருஷனும் கட்டில், அலுமாரி, குழந்தையின் தொட்டில் எல்லாவற்றையும் தூக்கி அடுத்த வீட்டு வாசல்களில் மழைக்குச் சாக்குப் போட்டு மூடிவிட்டு, காம்பிராவைக் கழுவிக் காலியாக வைத்திருந்தார்கள்.

"இது அவரு காம்பிரா டீச்சர். அவரு இங்கேருந்துதான் போகணும்" என்றாள்.

அன்று அந்த லயத்தில் யாரும் கொழுந்தெடுக்கப் போகவில்லை. நாங்கள் வருவதற்கு முன்பே மலையில் குழி வெட்டியாகிவிட்டது. பேர் இருக்கிறதா இல்லையா என்று ஒருவரும் பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை. வாசலில் நின்று நான் வாய்விட்டு அழுதேன். உங்கள் மகன் அழவில்லை. கல்லு மாதிரி நின்று மண் போட்டுவிட்டு வந்தார்.

குடும்பத்தில் ஏதும் மாற்றமிருந்தால் உடனே அறிவிக்க வேண்டும் என்பது கனடாக்காரர்கள் சட்டம். நீங்கள் இல்லை என்பதை நான்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏற்றினேன். அந்த நிமிஷமே பதில் வந்தது. உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது, இது பற்றி மீண்டும் தொடர்புகொள்ள வேண்டாம். யாரைப் போய்த் திட்டுவது மாமா? அனுப்பியது மனுஷனாக இருந்தாலாவது திட்டலாம்.

உங்கள் கருமாதி முடிந்த வாரம் அந்தத் தற்காலிக விசா வந்தது. கையோடு அடுத்த தலைவலியும் வந்தது. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள் டீச்சர், லீவு என்று போட்டால் திரும்பி வருகிற எண்ணம் இருக்கிறது என்று அங்கே சந்தேகப்பட்டாலும் படுவார்கள் என்று ஏஜென்சிக்காரர் ஒரு குண்டைப் போட்டார். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று கேட்டால், விதி இல்லை, ஆனால் எதற்கு வம்பு என்கிறார். உங்கள் மகனும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார். நானும் சாயப் பார்த்தேன். இத்தனை காலம் காத்திருந்துவிட்டு என் ஒருத்தியின் பிடிவாதத்தால் கெட்டுப் போனதென்றால் அந்தப் பழியை யார் சுமப்பது? ஆனால் அந்த பி.ஆர். வராமல் போய், தற்காலிக விசாவும் முடிந்து, பிள்ளையோடு பதுளை பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினால் எனக்கு இங்கே என்ன இருக்கும்? தோட்டத்தில் காம்பிரா இல்லை. பள்ளிக்கூடத்தில் பேரும் இல்லையென்றால் நானும் உங்கள் அப்பா மாதிரி ஏதாவது ஒபிஸ் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

ராஜினாமாக் கடிதத்தை எழுதியும் விட்டேன். கையெழுத்துப் போடக் கை வரவில்லை. கிழித்துப் போட்டுவிட்டுச் சம்பளமில்லாத லீவுக்கு அலைந்தேன். அதிபர் கையெழுத்து வைத்தால் கல்வி அலுவலகத்தில் ஐயா ஃபீல்டுக்குப் போயிருப்பார். ஐயா வந்தால் கிளார்க் லீவில் இருப்பார். கிளார்க் வந்தால் மின்சாரம் இருக்காது. கடைசியில் கிடைத்த படிவத்தில், விடுமுறை முடிந்ததும் மீண்டும் கடமைக்குத் திரும்புவேன் என்று உறுதி கூறி ஒப்பமிட வேண்டும். போன மாதம்தான் பி.ஆர். விண்ணப்பத்துக்காக ஏஜென்சிக்காரருக்கு, அங்கேயே நிரந்தரமாகக் குடியேறும் எண்ணத்தோடுதான் வருகிறோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். இரண்டுமே பொய்யாகத் தோன்றவில்லை. போட்டுவிட்டேன்.

நேற்று மாலை லீவு அனுமதி கைக்கு வந்தது. வீட்டுக்கு வந்து உங்கள் மகனிடம் நீட்டினேன். ஒரு வாக்குவாதத்துக்குத் தயாராகத்தான் வந்தேன். அவர் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ஒரு வரி விடாமல் வாசித்தார். முகம் தெளிந்துவிட்டது.

"முதல்ல போய் அப்பாகிட்டச் சொல்லிரு. இதக் கேட்டா அந்தாளு நிம்மதியா தூங்குவாரு" என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. உங்கள் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு தரையில் உட்கார்ந்து, மண் போட்ட அன்று வராத அழுகையை எல்லாம் சேர்த்து அழுதார். திவ்யா பயந்துபோய் என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அவர் சொன்ன வேலையைத்தான் இப்போது செய்கிறேன். பேரை வெட்டவில்லை, மாமா.