பாதிக்கு மேல் யார் செலவு

என் ராசா குவின்டனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அந்தப் பனியில் உன் காதும் மூக்கும் எப்படியிருக்கின்றன என்பதுதான் கவலை. உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. பயிற்சி முடியும்வரை கடற்படைக்காரர்கள் உன் போனைப் பூட்டி வைத்திருக்கும்போது உனக்குக் காகிதம் ஒன்றுதான் வழி என்று தெரிந்தும் தாமதித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நம் ஊர் பலட்காவில் மழையே இல்லை, ஆறு இறங்கிக் கிடக்கிறது. ஒரு ஆளுக்கு மட்டும் சோளக்கஞ்சி காய்ச்ச எனக்கு இன்னும் அளவு பிடிபடவில்லை, மிச்சத்தைப் பக்கத்து வீட்டு நாய்தான் தின்கிறது.

தாமதத்துக்குக் காரணம் இதுதான். பதினைந்து வயதில் படகுத்துறையிலிருந்து குதித்துக் கையை உடைத்துக்கொண்டாயே, அந்த ஆஸ்பத்திரி பாக்கியை ஒரு வசூல் கம்பெனி வாங்கி, கோர்ட்டில் தீர்ப்பும் வாங்கி, என் சம்பளத்தில் நாலில் ஒரு பங்கைப் பிடிக்கச் சொல்லி நான் வேலை பார்க்கும் பல் டாக்டருக்கே உத்தரவு அனுப்பியிருக்கிறது. ஃப்ளோரிடா சட்டத்தில் இதற்கு ஒரு காப்பு உண்டு. பிள்ளையின் செலவில் பாதிக்கு மேல் நான் பார்க்கிறேன் என்றால் என் அளவு சம்பளத்தை அவர்கள் தொட முடியாது. இருபது நாளுக்குள் படிவத்தில் அப்படிச் சொல்லும் கட்டத்தில் டிக் போட்டு, சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். கூட வேலை பார்க்கும் ஒடெஸா அக்கா, "போடுடி டிக்கை! பெத்தவதானே நீ? அவன் தட்டுல என்ன இருக்குன்னு ஜட்ஜ் வந்து எட்டிப் பாக்கப் போறாரா?" என்று சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை நோட்டரி மிஸ்டர் லூதரிடம் போனேன். முத்திரையை எடுத்துக்கொண்டே அவர், "பையன் எப்படிம்மா இருக்கான்? கவர்மெண்ட் சோறு, கவர்மெண்ட் சட்டை, கையில சம்பளம் வேற. இனி உனக்கு ஒரு செலவும் இல்ல, கொடுத்து வச்சவ!" என்றார். அன்பாகத்தான் சொன்னார். சத்தியம் செய்ய வலது கையைத் தூக்கச் சொன்னார். கை எழுந்தது, வாய் எழவில்லை. படிவத்தை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நாளையோடு இருபது நாள் முடிகிறது, நான் கொடுக்கப் போவதில்லை. நீ இதற்காக மருகாதே, சனிக்கிழமையும் வேலை கேட்டிருக்கிறேன், சமாளித்துவிடுவேன். பதினேழு வயதில் உன்னைப் பெற்றதிலிருந்து எந்தப் படிவத்திலும் அந்தக் கட்டத்துக்கு நான் யோசித்ததே இல்லை ராசா, பேனா தானாகப் போய் நிற்கும். இந்தத் தடவை அங்கே டிக் போட்டால் பொய்யாகிவிடும், அதுதான் தாங்கவில்லை.

எனக்குப் பணம் அனுப்புவதாக எழுதியிருந்தாய், வேண்டாம், உன் பெயரிலேயே போட்டு வை. ஈரக் காலுறையோடு நிற்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காக்கட்டும். பதில் எழுதும்போது என்னிடம் ஏதாவது கேள். அங்கே எதை உள்ளே விடுவார்களோ தெரியாது, தபால்தலையாவது கேள்.

உன் அம்மா,
ரஷெல் கேட்ஸ்டன்