உப்பளத் தண்ணியோடு ஹேச்சரிக்கு வந்த அண்ணிக்கு

என் பிரியமான அண்ணி,

எம்.எஸ்சி. கடைசி வருஷத்துக்கு வந்துட்டேன். ஆய்வுக்கு நான் எடுத்திருக்கிற இடம் எது தெரியுமா? நம்ம மரக்காணம் உப்பளம்தான். நேத்து அண்ணனே என்கூட வரப்பில் நடந்து வந்து, "எந்தப் பாத்தித் தண்ணி வேணும்?" என்று கேட்டார். பார்த்திருந்தா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சிருப்பீங்க.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இதே அண்ணன்தான், "பி.எஸ்சி. விலங்கியல் முடிச்சாச்சு, போதும்" என்றார். எனக்கு ஆராய்ச்சி பண்ணணும்னு ஆசை இருந்தது. அதுக்கு எந்த வழியாப் போறதுன்னு சொல்ல ஆள் இல்லை. கடற்கரையில் இறால் குஞ்சு வளர்க்கிற ஹேச்சரியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அங்கேதான் அந்த டப்பாவைப் பார்த்தேன். உள்ளே வெளிநாட்டிலிருந்து வரும் முட்டை, பழுப்புத் தூள் மாதிரி. உப்புத் தண்ணியில் போட்டால் மறுநாள் பொடிப் பொடியாக உயிர் நீந்தும். இறால் குஞ்சுக்கு அதுதான் தீனி. கொஞ்சம் வளரவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தப்போ, வெயில் காலத்தில் நம்ம பாத்தியில் சிவப்பாக மிதக்குமே, அந்தப் பூச்சி மாதிரியே இருந்தது.

சாப்பிடும்போது இதைச் சொன்னேன். அண்ணன் சிரிச்சார். நீங்க சிரிக்கல. மறுநாள் ஒரு பாட்டில் உப்பளத் தண்ணியோடு நேரா ஹேச்சரி வாசலுக்கே வந்துட்டீங்க. வாட்ச்மேன் உள்ளே விடல. "பூச்சி செத்துடப் போவுது கௌரி, சீக்கிரம் பாரு" என்று கம்பி வேலிக்கு வெளியே வெயிலில் நின்னீங்க.

பார்க்க ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருந்தது. ஆனா ரெண்டும் ஒரே இனமா? அங்கே யாருக்கும் தெரியல. அதுவரைக்கும் மத்தவங்க கேட்ட கேள்விக்கே பதில் எழுதிக்கிட்டிருந்தேன். இது நானே கேட்ட கேள்வி.

டிசம்பரில் அந்த சுனாமி அலை வந்தது. குப்பத்தில் நமக்குத் தெரிஞ்ச முகங்களே போயிடுச்சு. ஹேச்சரித் தொட்டிகளும் போச்சு. வேலையில்லாமல் வீட்டிலிருந்த எனக்கு அண்ணன் மாப்பிள்ளை பார்த்தார். பெண் பார்க்க வர்ற நாளும் நான் விண்ணப்பம் போட்டிருந்த கடல் உயிரியல் எம்.எஸ்சி.க்கு இன்டர்வியூ நாளும் ஒண்ணா விழுந்தது. நான் அழுதேன். நீங்கதான் அடுப்பை அணைச்சுட்டு வந்து அண்ணன் எதிரில் நின்னீங்க.

"ஏங்க, மாப்பிள்ளை வீட்டை அடுத்த வாரம் வரச் சொல்லலாம். இன்டர்வியூவை வரச் சொல்ல முடியுமா?"

"அதுக்குள்ள அவங்க வேற பொண்ணைப் பார்த்துட்டா?"

"பார்த்துக்கட்டும். இவளை நானே கூட்டிட்டுப் போறேன்."

இன்டர்வியூவில் டப்பா முட்டை, உப்பளப் பூச்சி கதையை நான் சொன்னதும் பேராசிரியர் கேட்டார்: "உங்க உப்பளத்துல இருக்கறதும் அதே இனம்னு எப்படிம்மா சொல்றே?"

"எனக்குத் தெரியாது சார். தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன்."

இடம் கிடைச்சதும் வெளியே ஓடி வந்து உங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னேன். "தெரியாதுன்னு சொன்னதுக்கா சீட்டு குடுத்தாங்க?" என்று நீங்க முழிச்ச முழி இருக்கே! பஸ்ஸில் வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே வந்தோம்.

முதல் வருஷம் முடியறதுக்குள்ள மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோச்சு. ஹாஸ்டலிலிருந்து ஓடி வந்தப்போ உங்களுக்கு நினைவில்லை. கையைப் பிடிச்சுக்கிட்டு என்னென்னவோ சொன்னேன். ஏதாவது காதில் விழுந்ததா அண்ணி?

இந்த ஆய்வு நல்லா வந்தா பிஎச்.டி.க்குத் தன்கிட்டேயே சேர்த்துக்கிறேன்னு பேராசிரியர் சொல்லியிருக்கார். அண்ணன் இப்போ கல்யாணப் பேச்சை எடுக்கறதில்லை. வர்ற சொந்தக்காரங்ககிட்ட, "தங்கச்சி ரிசர்ச் பண்ணுது" என்று அவரே ஆரம்பிக்கிறார்.

உங்க மக வெண்ணிலா அங்கன்வாடிக்குப் போறா. பயங்கரப் பிடிவாதம். அவ வளர்ந்து, வீட்டில் யாருக்கும் புரியாத ஒண்ணைக் கேட்டு நிற்கிற நாள் வரும். அன்னைக்கு முதல் ஆளா அவ பக்கம் நின்னு பேசறது நானாத்தான் இருப்பேன். இது சத்தியம் அண்ணி.

நீங்க பெத்த பொண்ணு மாதிரி பார்த்துக்கிட்ட நாத்தனார்,
கௌரி