கறை படாத கோட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் எப்போதும் துணியைப் பற்றித்தான் கேட்கிறாய், அதனால் அதையே எழுதுகிறேன். விடுதியில் இருந்த இரண்டு வாஷிங் மெஷினில் ஒன்று படுத்துவிட்டது. மற்றதற்குக் காலையில் வாளிகளை வரிசையில் வைத்து அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. எல்லாரும் வகுப்புக்குப் போனதும் மெஷின் சும்மாதான் கிடக்கும்.

இப்போதெல்லாம் பெட்ஷீட்தான் சீக்கிரம் அழுக்காகிறது.

நீ தைத்துக் கொடுத்த லேப் கோட்டையும் வாராவாரம் துவைத்துக் கொடியில் போடுகிறேன். நேற்று பக்கத்து அறைக்காரி அதைத் தொட்டுப் பார்த்தாள்.

“எங்க கோட்டெல்லாம் ஆசிட் பட்டு ஓட்டையா கெடக்கு. உன்னது மட்டும் எப்படிடி புதுசு மாதிரியே இருக்கு? என்ன சோப்பு போடுற?”

நீ அனுப்பும் சோப்பைச் சொன்னேன். அவளும் நம்பி, தன் அம்மாவிடம் அதையே வாங்கி வரச் சொல்லப்போவதாகச் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தோம். அறைக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“பாவம், ஒண்ணையே போட்டுப் போட்டுத் துவைக்கிறா” என்று சொல்லி நீ இன்னொரு கோட்டு தைப்பதாக அப்பா சொன்னார். வேண்டாம் அம்மா. துணியை வெட்டியிருந்தாலும் நிறுத்திவிடு.

இந்தக் கோட்டை இதோடு அனுப்புகிறேன். ஊருக்கெல்லாம் தைப்பவள் நீ, விரித்துப் பார்த்தாலே உனக்குத் தெரிந்துவிடும். முழங்கையில் கை மடக்கிய சுருக்கம் ஒன்றுகூட விழவில்லை.

பார்த்ததும் போன் செய்யாதே, என்னால் பேச முடியாது. நேரில் வா.

உன் மகள்