ஈரலைக் காட்டாமல் எழுந்து போன தம்பிக்கு

என் அன்புத் தம்பி ஏகாம்பரம்,

அன்றைக்குச் சிதம்பரத்தில் ஸ்கேன் அறை வாசலில் இருந்தவர்கள்: நீ, உன் மனைவி கலா, அவள் அண்ணன் தனபால், நான். சீட்டைப் படித்துச் சொன்ன நர்ஸம்மா ஐந்தாவது. நீ மஞ்சள் கட்டம் போட்ட சட்டை. மேல் பித்தான் இல்லை. எனக்கு எதுவும் மறக்காது.

"வால்வு ஆபரேஷனுக்கு முன்னாடி ஈரலையும் ஸ்கேன்ல பாக்கணும்" என்றார் நர்ஸம்மா. உடனே தனபால், "ஈரலா? என்னா மாப்ள, எங்களுக்குத் தெரியாம ஊத்திக்கினு இருந்தியா?" என்றான். மச்சான் முறைக்காரன் கேலி செய்தால் நம்மில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கலா சிரித்தாள். நானும் சிரித்தேன். துக்க வீட்டில்கூட ஒரு சொட்டு தொடாதவன் நீ, எழுந்துவிட்டாய். "நெஞ்சுக்குத்தான் வந்தேன். குடிகாரன் டெஸ்ட்டு எனக்கு எதுக்கு?" என்று கடலூர் பஸ்ஸில் ஏறிவிட்டாய்.

அதன் பிறகு எவ்வளவு கெஞ்சியும் அந்தப் பக்கம் போகவில்லை. காலும் வயிறும் வீங்கி, மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாய்.

இப்போது எனக்கும் வால்வு கசிகிறதாம். எனக்கும் அதே சீட்டு. கடலூர் டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டேன்: "நெஞ்சுக்கும் ஈரலுக்கும் என்னாம்மா சம்பந்தம்?"

"வால்வு சரியா மூடலன்னா ரத்தம் பின்னால தேங்கும் பாட்டி. ஈரல் வீங்கும், கெட்டிப்படும். அது எப்படி இருக்குன்னு பாத்தாத்தான் ஆபரேஷனை உடம்பு தாங்குமான்னு தெரியும். குடிக்காதவங்களுக்கும் இது வரும்."

"என் தம்பி பாத்திருந்தா பொழைச்சிருப்பானா?"

"அதை எப்படிப் பாட்டி சொல்றது?"

சொல்ல முடியாதாம். அப்படியானால் இத்தனை வருஷம் தனபாலோடு நான் பேசாதது எதற்கு? அவன் மகள் கல்யாணத்தில் கை நனைக்காமல் வந்தது எதற்கு? உன்னைக் கொன்றது அவன் கேலியா, எங்கள் சிரிப்பா, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காத உன் ரோஷமா? ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று வந்து நிற்கிறது. புரியவில்லை தம்பி.

நேற்று தனபால் வந்து வாசலிலேயே நின்றான். "திங்கக்கெழம நான் கூட்டினு போறேன்க்கா. வழியெல்லாம் திட்டிக்கினே வா" என்றான். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

போகிறேன். யார் சிரித்தாலும் அந்தக் கட்டிலில் படுப்பேன், மூச்சை அடக்கச் சொன்னால் அடக்குவேன். இது உனக்குச் செய்கிற சத்தியம். தனபாலைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் ஒரு கேலிக்காக எங்களை விட்டு எழுந்து போனாயே, உன்னை மட்டும் மன்னிக்க மாட்டேன், ஏகாம்பரம்.

உன் கூடப்பிறந்த அக்கா
ராஜகுமாரி